பொம்மைக்குள் சவர்க்காரம்

டென்மார்க்கின் சில்க்போர்க் ஏரியில் பட்டுத் திரும்பும் மத்தியான வெயில், அந்தச் சிறிய அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிமேல் தளும்பிக்கொண்டிருக்கிறது. உள்ளே முதலாம் உலக யுத்தகாலத்துப் பார்சல் ஒன்று பிரித்தபடி கிடக்கிறது: குழந்தைச் சட்டை, சணல் கயிறு, வயிறு கிழிந்த துணிப்பொம்மை, அதன் பஞ்சுக்குள் மஞ்சள் பிடித்த சவர்க்காரக் கட்டி, அந்தக்காலத்துச் சோப்பு. டேனிஷ் குறிப்பை மகள் கிளோறியா தமிழில் சொல்கிறாள். "இங்கையிருந்து சுவிசுக்கு அனுப்பினதாம். சவர்க்காரம் அனுப்பத் தடையாம், பிடிச்சிட்டாங்கள். ரெண்டு நாடும் சண்டையிலை இல்லையே, பிறகேனம்மா தடை?" "வழியிலை சண்டை நடந்திருக்கும்," என்கிறாள் விமலராணி, கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தபடி. பொம்மையின் தையல் நல்ல நெருக்கம். ஆனால் நூல் துணியைவிட வெள்ளை. அவள் உச்சுக்கொட்டுகிறாள். சீருடை போட்ட காவலாளி ஒருவன் மரத்தரை கிறீச்சிட வருகிறான். விமலராணியின் கை தன்பாட்டில் கைப்பையை இறுக்குகிறது. முகம் ஒன்றும் அறியாத முகமாகிறது. அவன் புன்னகைத்துக் கடந்து போகிறான். காலடி ஓய்ந்த பிறகு, மகளின் காதருகே குனிந்து சொல்கிறாள்: "பொம்மையைத்தான் முதல் வெட்டிப் பார்ப்பாங்கள், பிள்ளை. எங்கடை ஊர்ச் சண்டையிலை பற்றறிக்குத் தடை. ஆமியின்ரை செக்பொயின்ற் தாண்ட நாங்கள் அதைச் சாப்பிடுற பாணுக்குள்ளைதான் வைச்சனாங்கள்."