கொடும்பாவியின் சேட்டு

"மழை ஓர் ஊரின் ஒழுக்கத்தை நிறுத்துப் பார்த்தே இறங்குகிறது" என்று கோயில் மனேச்சர் சோமசேகரத்தார் ஒலிவாங்கியில் அறிவித்தார்.

ஒழுக்கம் என்ற இடத்தில் குரல் நூலாய் மெலிந்து, 'இறங்குகிறது' யாருக்கும் கேட்கவில்லை.

மின்சாரம் ஊரை விட்டுப் போய் வருடங்களாகிவிட்டன. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றினால்தான் தைனமோ ஒலிபெருக்கிக்கு உயிர் கொடுக்கும். சுற்றியவர் சீவரத்தினம்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, கை உளையுது."

ஐப்பசி முடியப் போகிறது. தென்மேற்கின் சோளகக் காற்று அடித்து ஓய்ந்துவிட்டது. மழை கொண்டுவரும் வாடைக் காற்று வரக் காணோம். சீவரத்தினம் விதைத்த நெல் முளைத்து, முளைத்த இடத்திலேயே கருகிக்கொண்டிருந்தது. உரும்பிராய்ச் செம்மண் காலடியில் மாவாகப் பறந்தது. கிணறுகளில் கொஞ்சநஞ்சம் கிடந்ததை இறைக்கவும் வழியில்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லை. மெசின்கள் சாக்குப் போர்த்துத் தூங்கின.

சோமசேகரத்தாரின் வெங்காயம் மட்டும் பச்சையாக நின்றது.

"பிள்ளையாருக்கு மனேச்சரைத்தான் பிடிச்சிருக்கு" என்று பூரணம் சொல்லித் திரிந்தாள். கோயில் மனேச்சர் அதை மறுக்கவில்லை.

உண்மையில் அந்த அருள் ஒரு நீலப் பிளாஸ்டிக் கானில் இருந்தது. கோயில் பெற்றோல்மாக்ஸ் விளக்குக்கென்று வீட்டுக்கு வீடு போத்தலில் சேர்த்துக் கொடுத்த மண்ணெண்ணெய், அவருடைய மெசினுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே, ஊரில் ஒரு பெரும்பாவி இருக்கிறான், அவனால்தான் வானம் பொய்த்தது, கொடும்பாவி கட்டி இழுப்போம் என்று முதலில் சொன்னவரும் அவரே.

வைக்கோலில் ஒரு மனிதனைச் செய்து, உடுப்புப் போட்டு, காலில் கயிறு கட்டித் தெருவெல்லாம், ஒழுங்கை ஒழுங்கையாக இழுப்பார்கள். பெண்கள் மார்பில் அடித்து அழுவார்கள். கடைசியில் சுடலையில் எரிப்பார்கள். வானம் மனமிரங்க வேண்டும்.

உடுப்பில்தான் ஒரு சங்கடம். யாருடைய உடுப்போ, பாவமும் அவருடையது. அதனால் அதை வெளியூரில் இரகசியமாகக் கேட்டு வாங்குவார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

ஒப்பாரி ஒழுங்கை முடக்கில் திரும்பியது. முன்னால் ஒப்பாரிக்காரி சின்னாச்சி.

"எட பாவி, நீ திண்ட சோறு செமிச்சுதோ?"

கொடும்பாவி புழுதியில் முகங்குப்புற வந்தது. கோயில் வாசலில் யாரோ அதைக் காலால் புரட்டிவிட்டார்கள்.

நீலக் கோடு போட்ட சேட்டு.

சோமசேகரத்தாருக்கு அது தன்னுடைய சட்டையாகவே பட்டது.

பொங்கலுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுத்த துணி. மனைவி அருமைநாயகி தைத்தது. அப்படியானால் கொடுத்ததும் அவள்தான். வீட்டுக்காரிக்கு அந்தக் கானைத் தெரியும். அவள் வேறு யாருக்குச் சொன்னாள்?

வெறும் மேலில் விபூதியோடு நின்ற அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வடகிழக்கே வானம் கறுத்திருந்தது.

அந்தக் கறுப்பைக் கேட்டுத்தான் இவ்வளவு நாளும் தேங்காய் உடைத்தார். இப்போது பெய்தால், சேட்டுக்காரனே பாவி என்று வானம் சாட்சி சொன்னதாகிவிடும். பிள்ளையாரே, இண்டைக்கு மட்டும் வேண்டாம் என்று மனதுக்குள் கும்பிட்டார். ஊரில் மழை வேண்டாமென்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள்.

காற்று மாறியது. குளிர்ந்த வாடை வேட்டியில் பட்டது.

"கழட்டுங்கோடா என்ரை சேட்டை. அந்த மண்ணெண்ணெய்யை நான் திருப்பி ஊத்திவிடுறன்."

சீவரத்தினம் அப்போது நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். மனேச்சரின் ஒரு சொல்லும் மெலியவில்லை. அடுத்த ஒழுங்கை வரை கேட்டது.

ஒப்பாரி அறுந்தது. அடிக்க ஓங்கிய சின்னாச்சியின் கை மார்புக்கு வந்து சேரவில்லை. கயிறு பிடித்தவர்கள் கயிற்றை மறந்தார்கள்.

சீவரத்தினம் பெடலை விட்டார்.

"எந்த மண்ணெண்ணெய், அண்ணை?"

பதிலுக்கு முன் மழை விழுந்தது. செம்மண்ணில் முதலில் பொட்டுப் பொட்டாக. பிறகு, இத்தனை நாள் பிடித்து வைத்ததையெல்லாம் ஒரேயடியாக.

ஒருவரும் ஓடி ஒதுங்கவில்லை. நனைந்தபடியே வானத்தைப் பார்த்தார்கள், மனேச்சரைப் பார்த்தார்கள். ஏசுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. சீவரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டார். அது வானத்துக்கா, மனேச்சருக்கா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

சோமசேகரத்தாரின் வீட்டு வளவில், கொடியில், காலையில் அருமைநாயகி தோய்த்துப் போட்ட அவருடைய நீலக்கோட்டுச் சேட்டு நனைந்துகொண்டிருந்தது.