என் உயர்

அந்தப் பெரியவரின் செல்போனில் ஒரே ஓர் எண்தான் பெயர் போட்டுப் பதிந்திருந்தது. 'உயிரை எடுத்தவ' என்று.

நர்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டுக்காரர் போனில் தனக்கு என்ன பெயர் வைத்திருப்பார் என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு அந்த எண்ணை அழைத்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். இந்த போன் வச்சிருக்கிற ஐயா பஸ்ல வரும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சுட்டாரு. பயப்படாதீங்க, இப்ப பரவாயில்ல. மயக்கத்துல இருக்காரு."

மறுமுனையில் "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் ஒரு பெண் குரல் கேட்டது.

வந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே பைக்குள் தேடியபடி படியேறி வந்தாள். வார்டு வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"வீட்டு ஆளுங்களை மட்டும்தாம்மா உள்ள விடுவோம். நீங்க யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அவங்க வீட்டம்மாதான், விடுங்கண்ணே."

பெரியவர் மூக்கில் குழாயோடு கண்மூடிக் கிடந்தார். இடது கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வலது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கோணல்மாணலாகப் பச்சை குத்தியிருந்தது. 'என் உயர்'.

'உயிர்' என்று இருக்க வேண்டியது. ய-வின் தலையில் வர வேண்டிய கொக்கியைக் காணோம்.

அந்த அம்மாள் அவர் முகத்தைக்கூட முதலில் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். ய-வின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினாள்.

"இந்த இடத்துல ஊசி ஆழமா இறங்கிடுச்சு. அதான் இன்னும் தடிப்பா இருக்கு" என்றாள், தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல.

நர்சுக்கு மனசு கேட்கவில்லை. "நான்கூட முதல்ல பார்த்துட்டு சிரிச்சுட்டேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கமேல எவ்வளவு ஆசை இருந்தா கையில போய் எழுதுவாரு! குத்தினவன் எந்தத் தூக்கத்துல இருந்தானோ, படுபாவி."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "படுபாவிதான்" என்றாள்.

"இவரு போய் சண்டை போடலையா?"

"போடாம இருப்பாரா? சரிபண்ணித் தர்றேன்னு கடையில சொல்லிட்டாங்க. காசு வேணாம், கண்ணை மூடித் திறக்கிற நேரத்துல முடிஞ்சிடும்னு கெஞ்சாத குறை. இவருதான் இருக்கட்டும்னுட்டாரு."

"அது ஏன்?"

"யாருக்குத் தெரியும்! ஆனா ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும், கையை நீட்டிக்கிட்டு என் எதிர்ல உட்கார்ந்துடுவாரு. 'என் மானம் போச்சு, அரைக்கைச் சட்டை போட முடியலை'ன்னு ஒரு பாட்டம் கத்துவாரு. நான் டீ போட்டு வைப்பேன். குடிச்சுட்டு, மழை, விலைவாசி, முழங்கால் வலின்னு பொழுது சாயிற வரைக்கும் பேசிட்டிருப்பாரு."

"ஞாயித்துக்கிழமை மட்டும்தானா? குடுத்து வச்சவங்க நீங்க. எங்க வீட்ல தினமும்."

அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "இன்னிக்கும் பாலைக் காய்ச்சி வச்சுட்டு வாசலையே பார்த்துட்டிருந்தேம்மா. இவ்வளவு நேரம் ஆகாதே, ஆகாதேன்னு."

"பசங்க யாருக்காவது சொல்லணுமாம்மா?"

"யாரும் இல்ல."

அந்தப் பதில் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னதுபோல நர்சுக்குப் பட்டது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த அம்மாள் நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க ஒரு குடும்பமே வந்து, பழம் உரித்துக் கொடுத்து, கலகலவென்று பேசிவிட்டுப் போனது. இவள் அசையவில்லை.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது பெரியவரின் விரல்கள் அசைந்தன. கண் திறந்தார். அந்த அம்மாள் அவர் கைமேல் இருந்த தன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

நர்ஸ் குனிந்து சொன்னாள். "ஐயா, ஒண்ணும் பயமில்ல. உங்க வீட்டம்மா வந்துட்டாங்க, பாருங்க."

"வீட்டம்மாவா?" பெரியவருக்கு நாக்கு வறண்டு குழறியது. "அவ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சேம்மா. அந்தத் துக்கத்துலதானே போய் இதைக் குத்திக்கிட்டேன்."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் எழுந்துவிட்டிருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருட்டுத்தனம் வெளிப்பட்டுவிட்ட முகத்தோடு, வாசல் எந்தப் பக்கம் என்று தேடினாள்.

"அப்ப இவங்க உங்களுக்கு யாருங்கய்யா?"

பெரியவர் வலது கையைச் சிரமப்பட்டு நீட்டி, அந்தப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"இதைத் தப்பாக் குத்தினவங்க. உட்காரச் சொல்லும்மா."