பானெட்டுப் பறவை

“இது டூப்ளிகேட்டுய்யா!” கார் பானெட் மேலிருந்த குரோம் பறவையைப் பிடுங்கி எறிந்தார் மிராசுதார் காயாரோகணம். “எங்கப்பா வாங்குன அமெரிக்கக் கார். இதுல இருந்த பறவைக்கு இடது இறக்கை நுனி ஒடைஞ்சிருக்கும்.”

“அது நம்ம ஆளுங்க கூலிப் போராட்டத்தப்பவே காணாமப் போச்சுங்களே” என்றார் மெக்கானிக் ரெத்தினம்.

“எடுத்தவன் கையை ஒடிப்பேன். ஒரிஜினல் இல்லாம, நாளைக்குக் கொடியேத்த வர்ற மந்திரியை இந்தக் கார்ல ஏத்த மாட்டேன்.”

மறுநாள், ஆளுங்கட்சியில் புதிதாகச் சேர்ந்திருந்த மிராசுதார், தன் கூலியாட்கள் நட்டிருந்த கம்பத்தில் மந்திரி முன்னிலையில் கட்சிக்கொடியை ஏற்றினார். கொடி விரிந்து பூ உதிர்ந்தது. கைதட்டல் கேட்டு அண்ணாந்து பார்த்தார்.

கம்ப உச்சியில் பளபளவென்று ஒரு பறவை. இடது இறக்கை நுனி உடைந்திருந்தது.

மந்திரிக்குக் கேட்காத குரலில் ரெத்தினம் கேட்டார்: “ஒரிஜினல்தானுங்களே... கம்பத்தைச் சாய்ச்சிடச் சொல்லவா?”