இடுப்பு முப்பத்தாறு

பேண்ட்டின் கொக்கி மாட்டிக்கொண்டது. மூச்சை இழுத்துப் பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை, தொளதொளக்கவும் இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ, அப்படியே கச்சிதமாக.

அவர் கண்ணாடி முன்னால் நின்று தன் வயிற்றை முறைத்தார்.

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தாயிற்று. ஆறு வாரமாகச் சாப்பாடு என்பது அரைக் கிண்ணம் மசியல், அதுவும் குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற கரண்டியால். பக்கத்து வீட்டுப் பூனை அதைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு மிச்சமும் வைக்கிறது.

ஆஸ்பத்திரி எடை மிஷின் பதினொரு கிலோ குறைந்துவிட்டது என்று காட்டியது. நர்ஸ் கைகூடத் தட்டினாள். அவர் நம்பவில்லை. அவர்கள் மிஷின், அவர்கள் சொல்படிதானே கேட்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அவர் காவல் இருக்கும் வங்கியில் மேனேஜர் முதல் காசாளர் வரை இளைத்துவிட்டீர்கள் என்றார்கள். முகம் வாடியிருக்கிறது, அவ்வளவுதான், பேண்ட் பொய் சொல்லாது என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

பேண்ட் விஷயத்தில் அவருக்குப் பெருமை அதிகம்.

மனைவி தையல்காரி. கல்யாணமான புதிதில் அவருக்கு அளவெடுத்து நோட்டில் எழுதினாள்: இடுப்பு முப்பத்தாறு. பதினேழு வருடமாக அந்தப் பக்கத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் டேப்பைச் சுற்றிப் பார்த்து ஐம்பது என்றபோது, உங்கள் டேப் சுருங்கிப்போயிருக்கிறது, நல்லதாக ஒன்று வாங்குங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

பிறகு எதற்கு ஆபரேஷன்?

நாற்காலிதான் காரணம். தங்கை மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வணக்கம் சொல்ல எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள், மூன்றாவது ஆள் படம் எடுத்தான். அன்றிலிருந்து தங்கை வீட்டுக்காரர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சிம்மாசனம்.

அதற்கும் மசியாதவரைக் கையெழுத்துப் போட வைத்தது மனைவி. தைக்கும்போது அவள் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். எதைக் கேட்டாலும் ‘உம்’ அல்லது ‘உஹும்’தான். அன்று மட்டும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுப் பேசினாள்.

“நீங்க எந்த சைஸ்ல இருந்தாலும் எனக்குச் சரிதான். ஆனா ரொம்ப நாளைக்கு இருக்கணும்.”

அந்த ஒரு வார்த்தைக்காக வயிற்றைக் கொடுத்தார். கொடுத்து என்ன பயன்? இதோ, அதே பேண்ட். அதே இடுப்பு.

அவர் நேராகத் தையல் மிஷின் முன்னால் போய் நின்றார்.

“வெட்டினதெல்லாம் தண்டம்மா. இன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து நான் பழையபடி சாப்பிடப்போறேன்.”

மிஷின் நின்றது.

பழையபடி சாப்பிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். உள்ளே போட்ட தையல் தாங்காது, மறுபடி என் மேஜையில்தான் வந்து படுப்பீர்கள் என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பியிருந்தார். அது தெரிந்துதான் மனைவியிடம் அப்படிச் சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு வெறுப்பு.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பேண்ட்டைப் பார்த்தாள். மறுபடி முகத்தை. அடுப்பில் பால் வைத்ததை அடுத்த தெருவில் போய் நினைத்துக்கொண்டவள் மாதிரி அவள் கண்கள் விரிந்தன.

வாயிலிருந்து ஊசிகளை எடுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதையும் எடுத்துக் குத்தி வைத்தாள்.

“திரும்பி நில்லுங்க.”

நின்றார். முதுகின் அடியில் கத்தரியின் குளிர்ச்சி பட்டது. நான்கைந்து இடங்களில் ‘டக், டக்’ என்ற சத்தம். பிறகு நூலைப் பிடித்து ஒரே இழுப்பு.

பேண்ட் விழுந்தது.

மாட்டிய கொக்கி மாட்டியபடியே, இடுப்பிலிருந்து வழுக்கிக் கணுக்காலைச் சுற்றிக் குவிந்தது. சீருடைச் சட்டையும் கழுத்தில் விசிலும் கோடுபோட்ட உள்ளாடையுமாக அவர் அப்படியே நின்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு திக்கித் திக்கிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடுகையில், அந்த வாரம் அவர் இடுப்பில் பேண்ட் எப்படி நின்றது என்று நினைத்துப் பார்ப்பாளாம். கொஞ்சம் தளர்ந்திருந்தால் கை தானாக மிஷினுக்குக் கொண்டுபோய் இறுக்கித் தைத்துவிடுமாம். யோசித்துச் செய்யவே இல்லையாம். கை பழகிப்போச்சு என்றாள்.

அவருக்குச் சிரிப்பு பொங்கியது. பதினொரு கிலோ நிஜம். நர்ஸ் நிஜம். அந்தப் பாழாய்ப்போன மசியல்கூட இன்று இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும் போலிருந்தது. டாக்டரை நினைத்து ஒன்றாகக் குறைத்துக்கொண்டார்.

சுவரைப் பிடிக்காமலே குனிந்து பேண்ட்டை எடுத்தார். பிரித்த இடத்தை ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

புது நூலின் துணுக்குகளுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் தெரிந்தன. ஒரு வரிசை, அதைத் தள்ளி இன்னொரு வரிசை, அதையும் தள்ளி இன்னொன்று. விளிம்பை நோக்கி ஒரு விரல், ஒரு விரலாக நகர்ந்துகொண்டே போயிருந்தன. துணி தீர்ந்த இடத்தில் வேறு துணியை ஒட்டுப்போட்டு அகலமாக்கியிருந்தது.

கை பழகிப்போச்சு.

மேஜைமேல் அளவு நோட்டு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“எத்தனை வருஷமா?”

அவள் குத்தி வைத்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள்.