மூன்றாவது பெட்டி

"காட்டில் தீ!"

பள்ளி ஆய்வகத்தில் அவள் போன் அலறியது. ராத்திரி டூட்டி முடிந்து வந்த அப்பா, காட்டை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார்.

போனுக்குச் செய்தி அனுப்பியது, காட்டுத்தீயை மோப்பம் பிடிக்க அவளது பள்ளி மாணவிகள் குழு செய்து காட்டு மரத்தில் மாட்டிய மூன்றாவது பெட்டி. முதல் பெட்டி பனிக்கு அலறியது, இரண்டாவது தூசிக்கு. திருத்தித் திருத்திச் செய்த இதையாவது நம்பலாம் என்றிருந்தார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. தூங்கிவிட்டால் இடி விழுந்தாலும் அவர் எழமாட்டார். மொட்டை மாடிக்கு ஓடினாள்.

காடு பச்சைப் பசேலென்று நின்றது. துளிப் புகை இல்லை.

போன உயிர் திரும்பியது. அப்போதுதான் பள்ளிக்கு வந்து, அவளைத் தேடி மாடியேறிய தோழியிடம் சிரித்தாள்.

"இதுவும் புளுகுதுடி! மரத்துலேருந்து கழட்டி மறுபடி திருத்தணும்."

"வர்ற வழியில கழட்டிட்டேனே! மூடி ஆடுச்சு. சாயங்காலம் நீ சரிபண்ணுவேன்னு உங்க வீட்டு சமையக்கட்டுல வச்சேன். பாவம் உங்கப்பா, அடுப்புல பாலை வச்சுட்டு நின்னுக்கிட்டே தூங்கி வழிஞ்சாரு."

அவள் கையிலிருந்த போன் மறுபடி அலறியது.

"காட்டில் தீ!"