மூக்கு முதலாளியின் பச்சை விளக்கு

தரகர் சீசாவின் மூடியைத் திருகியதுமே, மூக்கு முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழு இழுத்தார்.

அந்த இழுப்புக்குச் சந்தையே நடுங்கும். வாசனை எண்ணெயில் துளி ஸ்பிரிட் கலந்திருந்தாலும் பிடித்துவிடுவார் என்று பேர்.

உண்மையில் கண் முழுதாக மூடவில்லை. இமை இடுக்கு வழியே, கல்லாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன வருஷக் காய்ச்சலில் மூக்கு செத்துப்போனது. தெரிந்தது மனைவி ஒருத்திக்குத்தான். வெளியே கசிந்தால், ஊரில் உள்ள கலப்படமெல்லாம் மறுநாள் காலையே கடை வாசலில் வரிசை கட்டும்.

மீட்டரைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். வியாபாரிக் குடும்பத்துப் பெண். எதையும் வீணாக்கத் தெரியாது, செத்த மூக்கு உட்பட.

வீட்டுக் காற்றைச் சோதிக்கிற மலிவுச் சரக்கு அது. ஸ்பிரிட் ஆவி பட்டால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. ஆனால் அது எண்ணெயில் கலந்த ஸ்பிரிட்டா, தரகர் கையில் தடவிய கிருமிநாசினியா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் வருகிறவர்களையெல்லாம் முதலாளி சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பார். தொழில் பக்தி என்று அதற்கும் மரியாதை கூடியது.

மட்டமான சமையல் எண்ணெயைக் கலந்தாலோ, மீட்டர் மூச்சே விடாது. அந்தப் பயம் ஒன்றுதான் அவர் தூக்கத்தைத் தின்றது.

இன்று சந்தன எண்ணெய். விளக்கு பச்சை.

பின்னால் மனைவி ஸ்டூலில் மதியச் சாப்பாட்டைப் பிரித்தாள். முதலாளி பணம் எடுக்கக் கல்லாவில் கை வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது.

மூக்கின் ஆழத்தில் ஏதோ சுருக்கென்றது. வாடை. பழைய எண்ணெயின் சிக்கு வாடை!

மீட்டர்? பச்சை. மறுபடி இழுத்தார். வாடை!

"யோவ், சமையல் எண்ணெயக் கலந்து என்னையே ஏமாத்திட்டியேய்யா!" என்று கத்தியவர், கல்லாவைச் சுற்றி ஓடிவந்து தரகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

ஏமாந்ததற்கு இப்படிக் குதிக்கிற வியாபாரியைத் தரகர் தன் பிழைப்பில் கண்டதில்லை. "எம் புள்ளைங்க மேல சத்தியமா சுத்தச் சரக்கு முதலாளி!"

முதலாளி சீசாவைப் பிடுங்கி நேராக மூக்கில் வைத்தார்.

சந்தனம். சந்தனத்தைத் தவிர வேறொன்றுமில்லை. அழுகையே வந்துவிட்டது.

அப்படியானால் அந்த வாடை?

மூக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது. சீசாவைத் தாண்டி, கல்லாவைத் தாண்டி, ஸ்டூலில் திறந்திருந்த டப்பாவுக்கு. உள்ளே பொன்னிறமாக, அந்தச் சிக்கு வாடையோடு உருளைக்கிழங்கு வறுவல். ஒரு வருஷமாக அவர் ஒரு குறையும் சொல்லாமல் தின்ற அதே வறுவல்.

மனைவி மெதுவாக டப்பாவை மூடினாள்.

"என்னங்க... மூக்கு எப்ப வந்துச்சு?"