குறுக்கே ஒரு கோடு

இப்போது யாரும் கணினி நிரல் எழுதுவதில்லை. பெட்டிகளை வரைந்து கோடுகளால் இணைத்தால் போதும், படமே வேலை செய்யும். எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட், தண்ணீர், அவசர அழைப்பு எல்லாம் நான் வரைந்த படத்தில்தான் ஓடுகின்றன. அதில் எந்தக் கோடும் இன்னொன்றை வெட்டாது. எங்கள் தொழிலில் அதுதான் அழகு. யாராவது பாராட்டினால் நான் அடக்கமாக நடிப்பதுகூட இல்லை.

நேற்றுக் காலை, தனியாக வசிக்கும் விசாலம் மாமி குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவசர அழைப்பு கிடைத்ததும் படம் உடனே ஷார்ஜாவிலிருக்கும் மகனுக்கும் மருத்துவமனைக்கும் சொன்னது. ஆம்புலன்ஸ் வரும்வரை மாமி ஈரத்தரையில் கிடந்தார்.

சைரன் கேட்டுத்தான் எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா சாவியோடு ஓடி வந்து கதவைத் திறந்தார். மாமியை அனுப்பிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“மாமி வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு தம்பி. எதிர்த்தாப்லதான் தோசை சுட்டுக்கிட்டு இருந்தேன். ஷார்ஜாவுக்குச் சொன்ன உங்க படம் எனக்கு ஏன் சொல்லல?”

“அந்தக் கோடு மத்ததையெல்லாம் வெட்டும்க்கா.”

“வெட்டுனா என்ன?”

கணினியைத் திறந்தேன். மாமியின் பெட்டியிலிருந்து அக்காவின் பெட்டிக்குக் கோடு இழுத்தேன். அது லிஃப்ட் கோட்டை வெட்டியது, தண்ணீர்க் கோட்டை வெட்டியது. விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எதிர்வீட்டுக்கு இழுத்தேன். படம் சிக்கு விழுந்த நூலாகிவிட்டது.

இன்று அதைப் பார்த்த அலுவலக நண்பன் முகம் சுளித்தான்.

“எவன்டா இதை வரைஞ்சது?”

“நான்தான்டா,” என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.